டாக்டரம்மா காருக்கு வந்த காய்ச்சல்

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொல்லியிருந்தால் அணைத்திருப்பேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், உள்ளே தண்ணீர் குமிழ் விட்டது, அவ்வளவுதான். இஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது ஓட்டையானால் எரிந்த புகை தண்ணீருக்குள் நுழைந்து குமிழாக வரும். குமிழைப் பார்த்த கணமே என் கண்ணுக்கு அந்தத் தகடு தெரிந்தது, ஓட்டை தெரிந்தது, ஓட்டையின் அளவுகூடத் தெரிந்தது. இரும்புக்குள் ஊடுருவிப் பார்க்கும் பார்வை எனக்கு அன்றைக்கு ஒருநாள்தான் இருந்தது.

நான் ஒர்க்‌ஷாப்பை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வயது ஐம்பத்தாறுதான். முழங்கால் மட்டும் எனக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆகிவிட்டது. போன வாரம் பழைய கூட்டாளி ஒருவர் போனில் அழைத்தார். ஒரு வண்டி சூடாகிறது, ஸ்கேனரைச் செருகினால் எல்லாம் சரி என்று காட்டுகிறது, என்ன செய்வது என்றார். ஸ்கேனரை உருவிவிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். எங்கே வைப்பது என்று கேட்டார். அதைப் போனில் சொல்ல முடியாமல்தான் எங்கள் மெக்கானிக்குகள் சங்க மலருக்கு இதை எழுதுகிறேன். அறிவுரை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் திருதிருவென்று முழித்த கதைதான் கிடைக்கும்.

தொழில் கற்ற கதையை நீட்டவில்லை. தஞ்சாவூரில் ஐ.டி.ஐ., பிறகு டிராக்டர் கடை, பிறகு லாரி செட்டு, பிறகு கும்பகோணம். இந்தப் பாதையில் நான் கற்றுக்கொண்ட பெரிய ரகசியம், எந்த வண்டி சூடானாலும் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. தண்ணீர் சூடாகும் வரைக்கும் பாதையை அடைத்து வைத்திருக்கும் சின்ன கதவு அது. குளிர் நாட்டுக்காரனுக்கு வேண்டியது, சித்திரை வெயிலில் நமக்கு எதற்கு என்று எங்கள் குருமார்கள் சொன்னார்கள். டெல்டா முழுக்கப் பழைய வண்டிகளைத் திறந்து பார்த்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அதில் பாதி என் கைங்கரியம்.

கும்பகோணத்தில் எங்கள் ஃபோர்மேன் ஜெபமணி. என்னைவிட நான்கு வயது இளையவர், தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரல். அந்தக் குரலை அவர் ஒர்க்‌ஷாப்பில் உயர்த்தியதே கிடையாது. கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் அவருக்கு 'பக்கிரிண்ணே'. லேசான கோபத்தில் 'பக்கிரிசாமி'. 'வாங்க பக்கிரிசாமி சார், உக்காருங்க' என்று நாற்காலியை இழுத்துப் போட்டால் ஊரை விட்டே ஓடிவிடலாமா என்று தோன்றும். ஒருமுறை பிரேக் ஆயில் ஊற்றும் இடத்தில் வேறு ஆயில் ஊற்றிவிட்ட ஒருவருக்கு ஐயா, அவர்கள், தாங்கள் மூன்றும் கிடைத்தன. அவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. நாமெல்லாம் வேலை முடிந்து கை துடைப்போம். ஜெபமணி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காய விட்ட பிறகுதான் வண்டியைத் தொடுவார். கிரீஸ் படிந்த தோலுக்குச் சூடு தெரியாதாம். கல்யாணப் பந்திக்குப் போகிறவர் மாதிரி கையை விரித்துக்கொண்டு அவர் நடந்து வருவதைப் பார்த்து நான் பின்னால் நின்று நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு பங்குனி மாதம் வசூலாயிற்று.

திங்கட்கிழமை காலை ஒரு பழைய டீசல் கார் வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, கம்பெனிக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கார் டாக்டர் மலர்விழியுடையது. திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் மாட்டு டாக்டர். ஓட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய அப்பா முருகையன். முப்பது வருடம் பண்ணையில் கூலி வேலை, அதில் கடைசிப் பத்து வருடம் பண்ணை டிராக்டர். மகள் டாக்டராகிப் பழைய கார் ஒன்று வாங்கியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பிடித்தவர்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஓட்டுநர் உரிமம், அந்த உரிமத்துக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை. மகள் பின்சீட்டில் உட்கார வேண்டும், முன்சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காது.

டாக்டரம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஒரு மாதமாக வண்டி நடுவழியில் கொதிக்கிறது. போன வாரம் ஒரு கன்று ஈனும் கேஸுக்கு நாற்பது நிமிடம் தாமதமாகிவிட்டது. மாடு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. நம்ப முடியாத வண்டியை வைத்துக்கொண்டு இனி ஊருக்குள் போக முடியாது. கூத்தாநல்லூர் வியாபாரி ஒருவர் வியாழக்கிழமை மதியம் வந்து வண்டியை இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன வேலையென்றால் சரி, இஞ்சினைப் பிரிக்கிற வேலையென்றால் கொடுத்துவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

ஸ்கூட்டர் என்ற சொல் வந்தபோது முருகையன் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடி. ஸ்கூட்டருக்கு டிரைவர் தேவையில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் ரேடியேட்டரில் குறைந்திருந்த தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமல் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அப்போதுதான் அந்தக் குமிழ். ஜெபமணி வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தார், அவரைக் கூப்பிடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வருவார்களே, அந்த நடையில் போய், தொண்டையைச் செருமி, டாக்டரம்மாவிடம் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அறிவித்தேன். வருத்தமாக இருப்பதாகவும் சொன்னேன்.

அந்தம்மா கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன டெஸ்ட் செஞ்சீங்க?"

குமிழ் வருகிறது என்றேன்.

"குமிழ் வர்றது நோய் இல்லைங்க, அறிகுறி. எத்தன காரணத்துக்குக் குமிழ் வரும்?"

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

"மாட்டுக்கே நாலு விதமா பாத்துட்டுதான் வயித்துல கத்தி வெப்பேன். நீங்க குமிழப் பாத்துட்டுத் தலையக் கழட்டுறேங்கிறீங்க."

முருகையன் சட்டைப் பையிலிருந்து உரிமத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

அவர்கள் பஸ் ஏறிப் போனதும், திறந்தே காட்டிவிடலாம் என்று நான் வால்வு மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஹெட் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். திருப்பவில்லை, வைத்தேன். முதுகுக்குப் பின்னால் சோப்பு வாசனை வந்தது.

"வாங்க பக்கிரிசாமி சார், உக்காருங்க."

நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்தேன்.

தண்ணீர் எப்போது நிரப்பினீர்கள் என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். எவ்வளவு நேரம் ஓடவிட்டீர்கள் என்றார். குமிழ் வரும்வரைக்கும் என்றேன். கழற்றிய மூடியை மாட்டச் சொன்னார், மாட்டினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று குமிழை எண்ணச் சொன்னார். எண்ணினேன். முதலில் பொலபொலவென்று வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றேபோனது. குடத்தில் தண்ணீர் பிடித்தால் குமிழ் வராதா, அந்தக் கதைதான். நான் ஊற்றிய தண்ணீரோடு உள்ளே போன காற்று வெளியே வந்திருக்கிறது. கேஸ்கெட் போயிருந்தால் குமிழ் நிற்கவே நிற்காது.

பிறகு அவர் நாடி பார்த்த முறையைச் சொல்கிறேன். போனில் கேட்ட கூட்டாளிக்கு இதுதான் பதில். இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கினார். அப்போதே கல்லாக இறுகியிருந்தால் கேஸ்கெட்மேல் சந்தேகப்படலாம். இது மெத்தென்று இருந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வழக்கம்போல் காலி. என்னைப் பார்த்தார். இது நான் செய்ததில்லை என்றேன், என் வாழ்க்கையில் முதல்முறையாக அது உண்மையாகவும் இருந்தது. புதிதாக ஒன்றைப் போட வைத்தார். வண்டி சூடேறியதும் மேல் ஹோஸில் ஒரு கை, கீழ் ஹோஸில் ஒரு கை. மேலே கொதித்துக் கீழே ஜில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை, பம்ப் கெட்டிருக்கும், இல்லை ரேடியேட்டர் குழாய் அடைத்திருக்கும். இங்கே கீழேயும் சுட்டது. வண்டியை அணைத்துவிட்டு, மின்விசிறிப் பக்கமாகக் கையை விட்டு ரேடியேட்டர் முதுகில் உள்ளங்கையை மூலைக்கு மூலை வைத்தார். அடைப்பிருந்தால் அந்த இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். எங்கேயும் குளிர்ச்சி இல்லை.

தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை என்றார். செவ்வாய்க்கிழமை முருகையனை வரச்சொல்லி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சூடு காட்டும் முள் எந்த இடத்தில் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். சிவப்பைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். 'திறக்காதீங்க சார்' என்றே சொன்னார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திருப்பனந்தாள் ரோட்டில் போனோம். முருகையன் மாப்பிள்ளை ஊர்வலம் போல அலுங்காமல் ஓட்டினார். சோழபுரம் தாண்டியதும் ஊருக்கு ஊர் பெண்கள் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு இடத்தில் இரண்டு பேர் ரோட்டுக்கே வந்து நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் சங்கடமாகத் தலையாட்டிவிட்டு நிறுத்தாமல் போனார். என்ன விஷயம் என்றேன். டாக்டரோட அப்பான்னு ஒரு மரியாதை என்றார். எங்கள் ஊரில் எம்.எல்.ஏ.வுக்குக்கூட அவ்வளவு கை ஆடாது.

ஏசியைப் போட்டோம். ஐந்தாவது நிமிடம் முள் எழுந்தது. அரைக்கு வந்தது, முக்காலுக்கு வந்தது. குறித்துக்கொள்ள வேண்டிய நான் முள்ளையே பார்த்துக்கொண்டு பேனாவைக் கடித்தேன். சிவப்பைத் தொட்டபோதுதான் எனக்கு வாய் திறந்தது. நிறுத்து நிறுத்து என்று கத்தி, வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடி, பானெட்டைத் தூக்கினேன். ஆவி வந்தது. ஆவி வந்தால் என்ன செய்யக்கூடாது என்று இருபத்தைந்து வருடமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதன், சாக்கை மடித்து மூடிமேல் வைத்துத் திருகினேன்.

தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. இஞ்சின் வெடிக்கப்போகிறது, எல்லோரும் ஓடுங்கள் என்று கத்தினேன். அங்கே இருந்ததே முருகையனும் ஏழெட்டு ஆடுகளும்தான். ரோட்டோரம் வாய்க்கால். தலைகீழாகக் குதித்தேன்.

பங்குனி மாதம். அணை அடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிக் குதித்த ஒரே டெல்டாக்காரன் நான்தான். அடியில் வெடித்த களிமண், உடைந்த சட்டி ஒன்று, அப்புறம் நான்.

ஆடு மேய்த்த அம்மா கரையில் வந்து நின்று பார்த்தார். "தண்ணி ஆனி மாசந்தாங்க வரும். அதுவரைக்கும் படுத்திருக்கப் போறீங்களா?"

முருகையன் இறங்கி வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். முழங்கால் அன்றைக்குப் போனதுதான். பிறகு அவர் இரண்டு பிளாஸ்டிக் கேன்களை எடுத்துக்கொண்டு போர்செட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். முக்கால் மணி நேரம் வண்டி ஆறும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் பேசியது ஒரே விஷயம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

"டிராக்டர் ஓட்டுறப்ப பண்ணையார் பின்னாடி நின்னு வைவாருங்க. இந்த வண்டில பின்னாடி எம்பொண்ணு உக்காந்து மாத்திர பேரு படிச்சிக்கிட்டு வரும். கண்ணாடில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். இத வித்துட்டா எனக்கு வீட்ல என்னங்க வேல?"

எப்போதும் ஏதாவது கேலி கைவசம் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு எழுந்து போய் வண்டி ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஜெபமணி நான் குறிக்காத குறிப்பைக் கேட்டார். ஏசி போட்டால் ஐந்து நிமிடத்தில் ஏறுகிறது என்றேன். முள் எங்கே நின்றது என்றார். நான் வாய்க்காலில் இருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து செவ்வாய்க்கிழமையைக் கிழித்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன்பக்கக் கம்பித் தடுப்பின்மேல் அந்தத் தாளை வைத்துக் கையை எடுத்தார்.

இஞ்சின் விசிறி உள்ளே காற்றை இழுக்கும். நல்ல வண்டியென்றால் தாள் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். இது நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. விசிறி சுற்றுகிறது, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, காற்று மட்டும் வரவில்லை.

முன்னால் குனிந்து பார்த்தோம். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும், அது சுத்தமாக இருந்தது. தினமும் ஹோஸ் வைத்துக் கழுவுகிறேன் என்றார், காலையிலேயே வந்துவிட்டிருந்த முருகையன், பெருமையாக. பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். ரேடியேட்டர் முதுகும் சுத்தம். அந்தக் காரில் ஏசி பிறவியிலேயே வந்ததில்லை, பிறகு யாரோ வைத்தது. கண்டன்சரை ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தார்கள், அடிப்பக்கம் திறந்தே கிடந்தது. ஜெபமணி அந்த இடைவெளிக்குள் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை விட்டார். உள்ளே போகவில்லை. வைக்கோல் போரில் குத்துவதுபோல் மெத்தென்று நின்றது.

நான்கு போல்ட்டைக் கழற்றிக் கண்டன்சரை முன்னால் சாய்த்தேன். நடுவில் ஒரு மெத்தை இருந்தது. உண்மையிலேயே மெத்தை, ரேடியேட்டர் அளவுக்கு அச்சாக வார்த்தது போல. காய்ந்த கொடி, இலைத்தூள், நெற்றுத் தோல் எல்லாம் தண்ணீர் பட்டு இறுகி, சாணி தட்டிய சுவர் மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டச் சுரண்ட அரை வாளி வந்தது. நடுவே கறுப்பாக நாலைந்து உளுந்தும் உதிர்ந்தது.

ஜெபமணி ஒரு உளுந்தைச் சுத்தமான உள்ளங்கையில் வைத்து முருகையனிடம் நீட்டினார். கேட்கவில்லை, நீட்டினார்.

முருகையன் கூரையைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். பிறகு சொன்னார். பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கி, அடித்து எடுக்க ஆள் கிடைக்காமல் தார் ரோட்டில் பரப்புவார்கள், போகிற வண்டி ஏறி நெற்று உடையட்டும் என்று. கிராமத்து ரோட்டில் அவ்வளவு வண்டி எங்கே போகிறது? மகள் உள்ளே மாட்டைப் பார்க்கும் நேரத்தில் இவர் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் ஏத்திக் குடுங்கண்ணே என்று கேட்பார்கள். முன்னால் ஒரு ஓட்டு, பின்னால் ஒரு ஓட்டு. ஒரு ஊரில் செய்தால் அடுத்த ஊரில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வண்டிக்கு அடியில் பறந்த சக்கையையெல்லாம் விசிறி மேலே இழுத்திருக்கிறது. ஊர் வந்து சேர்ந்ததும் மகளுக்குத் தெரியாமல் இருக்க முன்பக்கத்தை ஹோஸ் அடித்துக் கழுவியிருக்கிறார். உள்ளே போனதை அந்தத் தண்ணீர்தான் மெத்தையாக்கியது.

ரோட்டில் கையசைத்த பெண்களின் மரியாதை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்று முழுக்கப் பின்பக்கத்திலிருந்து தண்ணீரும் காற்றும் அடித்துச் சுத்தம் செய்தோம். வியாழக்கிழமை காலை ஏசி போட்டபடி திருப்பனந்தாள் போய்த் திரும்பினோம். முள் பாதியில் ஏறி உட்கார்ந்தது, அதற்கு மேல் அசையவில்லை. நான் இந்தமுறை எழுதிக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நான் முன்னால் போய், அன்றைக்குச் சொன்னது தப்பு, கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தம்மா என் முழங்கால் கட்டைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நேராக வாளியிடம் போனார். வாளியை ஒளித்து வைக்கலாம் என்று நான் சொல்லிப்பார்த்தேன், ஜெபமணி என்னைச் சார் என்று கூப்பிட்டுவிட்டார். டாக்டரம்மா ஒரு நெற்றை எடுத்து நகத்தால் பிளந்தார்.

"யாரு வீட்டு உளுந்துப்பா இது?"

முருகையன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"எல்லாரு வீட்டுதுந்தாம்மா."

அந்தம்மா கொஞ்ச நேரம் பிளந்த நெற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கன்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முருகையனுக்கும் வந்தது, தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டாக்டரம்மா போனை எடுத்துக் கூத்தாநல்லூர் வியாபாரியை வர வேண்டாம் என்றார். அப்பாவிடம் திரும்பி, இனிமேல் இந்த வண்டி உளுந்தில் ஏறக்கூடாது என்றார்.

முருகையன் ஜெபமணியிடம் தணிந்த குரலில் கேட்டார். "பச்சப்பயறு பரவால்லங்களா?"

"ஐயா அவர்களே," என்றார் ஜெபமணி.

டாக்டரம்மா பின்சீட்டில் ஏறினார், முருகையன் கதவைச் சாத்திவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அந்த வருடம் அந்தக் கார் மறுபடி சூடாகவில்லை. நடந்தது இவ்வளவுதான்: உளுந்துச் சக்கை கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைத்திருந்தது, காற்று போகவில்லை, தண்ணீர் கொதித்தது.